கம்பெனிக் கணக்கில் ஒரு தலையணை

கணக்கம்மா அந்த பில்லை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல.

"இது என்ன சார்?"

"டீத்தூளும்மா."

"அது படிச்சாலே தெரியுது. அரை கிலோ டீத்தூள், கம்பெனி கார்டுல வாங்கியிருக்கீங்க. குடிச்சது யாரு?"

தராசுக்காரர் நியாயமாக யோசித்துப் பார்த்தார். குடித்தது அவர்தான். அந்த வீட்டில் டீ குடிக்கிற வேறு ஜீவன் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் கடல் தாண்டிக் குடித்தனம் போய் ஐந்து வருஷம். பல்லி ஒன்று இருக்கிறது, அது டீ குடிப்பதில்லை.

"நான்தான் குடிச்சேன்."

"நீங்கன்னா? சொந்த முறையில குடிச்சீங்களா, டைரக்டரா குடிச்சீங்களா?"

இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுவரை தெரியாது. காலையில் எழுந்ததும் ஒன்று குடிப்பேன், வேலைக்கு நடுவில் ஒன்று குடிப்பேன் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். காலையில் குடித்தது சொந்தம், நடுவில் குடித்தது சந்தேகம் என்று கணக்கம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

தராசுக்காரர் என்றால் தராசு விற்பவர் அல்ல, எடை மெஷின்களைப் பழுது பார்ப்பவர். மளிகைக் கடை மேஜையிலிருக்கும் சின்ன மெஷினிலிருந்து லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தும் எடைமேடை வரை, எண் ஒன்று தவறினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் ஒரு தோள்பையும் ஒரு பெட்டி எடைக்கற்களுமாகத் தனி ஆளாய்த்தான் தொழில் செய்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெரிய கிடங்கு தன் நாற்பது மெஷின்களையும் மொத்தமாக அவரிடம் ஒப்படைக்க முன்வந்தது. தனி ஆளுக்குக் கொடுக்க மாட்டோம், பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக வாருங்கள் என்றது. ஆடிட்டர் ஆபீஸில் பதினாறு இடத்தில் கையெழுத்துப் போட்டார், சட்டம் அனுமதிக்கிற ஒரே ஆள் கம்பெனி பிறந்தது. அதற்கு முதலாளி அவர், டைரக்டர் அவர், மெக்கானிக் அவர், கூட்டிப் பெருக்குவதும் அவர். வீட்டின் முன்னறை கம்பெனி ஆனது. பின்னால் இருந்த படுக்கையறையும் சமையலறையும் வீடாகவே இருந்தன.

ஆடிட்டர் ஆபீஸிலிருந்து கணக்குப் பார்க்க வருகிறவர்தான் கணக்கம்மா. கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கும் கண்ணாடி, காதில் பென்சில், முகத்தில் எப்போதும் ஏதோ ஒரு தொகை இடிக்கிற மாதிரி ஒரு சுளிப்பு. மாதக் கடைசிச் சனிக்கிழமை வருவார், ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். டீத்தூள் பிடிபட்ட அந்தச் சனிக்கிழமை மாதக் கடைசி இல்லை. ஆனாலும் வந்திருந்தார்.

"கம்பெனி தனி ஆள் சார். சட்டப்படி அதுக்குன்னு ஒரு பேரு, ஒரு கையெழுத்து, ஒரு பணப்பை. நாளைக்குக் கம்பெனி மேல யாராவது கேஸ் போட்டா அது கம்பெனியோட நிக்கும், உங்க வீட்டுக்குள்ள வராது. ஆனா நீங்களே ரெண்டு பையையும் கலந்தா கோர்ட் என்ன சொல்லும்? ரெண்டும் ஒரே ஆள்தான்னு சொல்லும். அப்புறம் வீட்டையும் கேப்பாங்க."

தராசுக்காரர் வீட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்த நாலு சுவரைத் தவிர அவருக்கென்று வேறு எதுவும் இல்லை. அதோடு, கிராமுக்குக் கிராம் சரி பார்த்தே பிழைத்த மனிதர். தப்பு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கணக்கு இருக்கிற லட்சணத்துக்கு மாதம் ஒரு தடவை போதாது, இனி வாரா வாரம் வருகிறேன் என்று கணக்கம்மா சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கூடுதல் பீஸ் ஆகுமா என்று கேட்டார். ஆகாது என்றார்.

"ஒண்ணே ஒண்ணு. ஆபீஸுக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க. ஆடிட்டர் பொல்லாத கோபக்காரர். டீத்தூள் விஷயம் அவர் காதுக்குப் போச்சுன்னா தொலைஞ்சோம். நமக்குள்ளயே சரி பண்ணிக்கலாம்."

போகும்போது, கூடவே கொண்டுவந்திருந்த ஒரு பெரிய அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்தார். உள்ளே புத்தம் புதிய சுவர்க் கடிகாரம். ஆபீஸில் கொடுத்தார்கள், என் வீட்டில் ஒன்று ஓடுகிறது, நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். வாடிக்கையாளர்களுக்கு ஆபீஸ் தரும் அன்பளிப்பு போலிருக்கிறது என்று தராசுக்காரர் எடுத்துக்கொண்டார். கடிகாரத்தின் அடியில் ஏதோ ஒரு தகட்டைப் பிய்த்தெடுத்த பசைத் தடம் இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்.

அங்கேதான் அடுத்த சிக்கல் பிறந்தது. அன்பளிப்பு கம்பெனிக்கா, அவருக்கா? அவருக்கென்றால் முன்னறையில் மாட்டக்கூடாது. கம்பெனிக்கென்றால் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதைத் தீர்க்க மூன்று சனிக்கிழமை ஆனது. கடைசியில் கடிகாரம் கம்பெனியுடையது என்று முடிவாயிற்று. அப்படியானால் ரத்த அழுத்த மாத்திரை போட அதில் மணி பார்க்கலாமா என்று அவர் கேட்டார். கணக்கம்மா கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் யோசித்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார்.

டீத்தூளுக்கு இரண்டு டப்பா வந்தன. சிவப்பு மூடி கம்பெனி, நீல மூடி வீடு. சிவப்பு மூடி டீ, கம்பெனிக்கு வரும் விருந்தினர்களுக்கு மட்டும். விருந்தினர் இருந்தால் மரியாதைக்கு டைரக்டரும் கூட ஒரு டம்ளர் குடிக்கலாம். தனியாக இருந்தால் பின்னால் போய் நீல மூடி டீயைத்தான் குடிக்க வேண்டும். அவரும் சமையலறையில் நின்றுகொண்டு, ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி, நீல டீ குடிக்கப் பழகினார்.

விருந்தினர் என்று ஒருவர் இருந்தார். பக்கத்துக் கடைச் சாவிக்காரர். பத்து வருஷமாகத் தினம் பதினோரு மணிக்கு வந்து உட்காருவார், பேப்பரை உரக்கப் படிப்பார், ஒரு டீ குடிப்பார், போவார். அவர் கம்பெனியின் விருந்தினரா, வீட்டு விருந்தினரா என்று கணக்கம்மா கேட்டார். தெரியாததால் ஒரு வருகைப் பதிவேடு போடப்பட்டது. பெயர், நேரம், வந்த நோக்கம். முதல் நாள் சாவிக்காரர் சிரித்துக்கொண்டே எழுதினார். நோக்கம் என்ற இடத்தில் 'சும்மா' என்று எழுதியிருந்தார்.

"சும்மாவுக்கெல்லாம் கம்பெனி டீ குடுக்க முடியாது சார்" என்றார் கணக்கம்மா.

மறுநாள் தராசுக்காரர் சாவிக்காரருக்கு நீல மூடி டீ போட்டார். ஆனால் நீல டீயைக் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பது முறையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அதனால், தப்பாக நினைக்காதே தம்பி, பின்னால் சமையலறைக்கு வந்து நின்றுகொண்டு குடிக்கிறாயா என்று கேட்டார். சாவிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, உங்க டீயும் வேணாம், உங்க கம்பெனி டீயும் வேணாம். நல்லா இருங்க."

பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் பதினோரு மணிக்கு அந்தப் படி ஏறவே இல்லை. பதிவேட்டில் அடுத்த பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. செலவு குறைந்திருக்கிறது என்று கணக்கம்மா பாராட்டினார்.

அதற்கடுத்து போன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் கூப்பிடுவாள், கம்பெனி நம்பருக்கு. எப்போதும் எடுக்கப்படும் நம்பர் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். இருபத்திமூன்று நிமிஷம் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று கணக்கம்மா வட்டம் போட்டார். தராசுக்காரர் உடனே சொந்தமாக இன்னொரு போன் வாங்கிச் சமையலறை அலமாரியில் வைத்தார். அடுத்த ஞாயிறு மகள் பேசத் தொடங்கியதும் இது கம்பெனி நம்பர், வீட்டு நம்பருக்குக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வீட்டு போனை நோக்கி ஓடினார். முன்னறைக்கும் வீட்டுக்கும் நடுவே கணக்கம்மாவின் யோசனைப்படி ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனிச் செருப்பு போகக்கூடாது. செருப்பைக் கழற்றி, மற்றதை மாட்டி, அலமாரியைத் திறப்பதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. திருப்பிக் கூப்பிட்டார், அவள் எடுக்கவில்லை.

மனசு கேட்கவில்லை. கைப்பட ஒரு கடிதம் எழுதினால் மகள் சமாதானம் ஆவாள் என்று தோன்றியது. வீட்டில் இருந்த ஒரே காகிதம் கம்பெனி லெட்டர்பேடு. மேலே கம்பெனியின் பெயர், பதிவு எண். பழக்க தோஷத்தில் 'பொருள்: தங்களுடன் பேச இயலாமை குறித்து' என்று ஆரம்பித்து, உருக்கமாகத்தான் எழுதினார். முடிவில் கை தானாக 'இப்படிக்கு, டைரக்டர்' என்று போட்டு, முத்திரையும் குத்திவிட்டது. தபாலில் சேர்த்த பிறகுதான் உறைத்தது.

பத்து நாள் கழித்து மகளிடமிருந்து வீட்டு போனுக்குச் செய்தி வந்தது. "கடிதம் கிடைத்தது." அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் பிறகு மிக நீளமாகிவிட்டன. ஒரு லெட்டர்பேடு தாளைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதற்காகக் கணக்கம்மா அவரிடமிருந்து கம்பெனிக்குக் காசு வசூலித்து ரசீதும் கொடுத்தார்.

பிறகு வாடகை. முன்னறை யாருடையது என்று கேட்டார் கணக்கம்மா. என்னுடையதுதான் என்றார். அப்படியானால் கம்பெனி இத்தனை நாளாக ஓசியிலா குடியிருக்கிறது? ஒப்பந்தம் எழுதினார்கள். வீட்டுக்காரர் என்ற இடத்தில் நீல மையில் கையெழுத்துப் போட்டார், வாடகைதாரர் என்ற இடத்தில் கறுப்பு மையில் போட்டார். சாட்சி கணக்கம்மா. அந்த வருஷ மழைக்கு முன்னறைக் கூரை ஒழுகியது. வாய்ப்பேச்சு செல்லாது என்பதால், கூரையைச் சரி செய்து தருமாறு கம்பெனி வீட்டுக்காரருக்கு முறைப்படி கடிதம் கொடுத்தது. வீட்டுக்காரருக்கு அப்போது கையில் பணம் இல்லை, பதில் எழுதாமல் இழுத்தடித்தார். ஒருநாள் சொட்டு விழுந்த பக்கெட்டை மாற்றி வைக்கும்போது, "மனுஷனா அவன், எத்தனை தடவை சொல்றது" என்று யாரோ முணுமுணுப்பது கேட்டது. தராசுக்காரர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பேசியது அவர்தான்.

இயக்குநர் கூட்டத்தைச் சொல்லாமல் விட்டால் கதை நிறைவாகாது. காலாண்டுக்கு ஒருமுறை கூட்டம் நடத்தி நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும் என்றார் கணக்கம்மா. தராசுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வருகை: ஒருவர். தலைவர் அனைவரையும் வரவேற்றார். டைரக்டருக்குச் சம்பள உயர்வு கோரும் தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் இல்லாததால் அது ஒத்திவைக்கப்பட்டது. தலைவர் வந்திருந்தோருக்கு நன்றி கூறினார். சிறப்பு அழைப்பாளராகக் கணக்கம்மா எதிரே உட்கார்ந்து, இதையெல்லாம் துளிச் சிரிப்பில்லாமல் எழுதினார். கூட்டம் முடிந்ததும் இருவரும் சிவப்பு மூடி டீ குடித்தார்கள்.

அந்த டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாள் அவர் பின்னால் நின்று குடிப்பார். சனிக்கிழமை மட்டும் உட்கார்ந்து குடிப்பார், எதிரே ஒரு ஆளோடு. ஒரு மணி நேரம் என்றிருந்த கணக்கு, போகப் போகக் காலையில் தொடங்கிப் பிற்பகல்வரை நீண்டது. தப்புக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பல்பு, ஒரு துடைப்பம், ஒரு தபால்தலை, எதையாவது கணக்கம்மா தோண்டி எடுத்துவிடுவார். நடுநடுவே முழங்கால் வலியைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேச்சு வரும். ஒருநாள் இரண்டு டப்பாக்களையும் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல ஒரே டப்பா, ஒரே டம்ளர். பிரிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். தப்பே செய்யாத வீடு என்று தராசுக்காரர் மனசுக்குள் வியந்துகொண்டார்.

தான் தனியாகிவிட்டோம் என்பது தராசுக்காரருக்குத் தெரியும். ஊமைபோல ஐந்து நாள் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை முகச்சவரம் செய்யும்போது தொண்டையைச் செருமி, குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். சனிக்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆவோம் என்று ஒருநாள் நினைத்துப் பார்த்தார். பயமாக இருந்தது, நிறுத்திக்கொண்டார்.

அப்படி ஒரு சனிக்கிழமை கணக்கம்மா வரவில்லை.

பதினாலு மாதத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. தராசுக்காரர் சிவப்பு மூடி டீ இரண்டு டம்ளர் போட்டு வைத்துக்கொண்டு, கம்பெனிக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டீயில் ஆடை படிந்தது. விருந்தினர் இல்லாமல் அதை அவர் குடிக்க முடியாது. கொட்டிவிட்டு, 'டீ இரண்டு, விருந்தினர் வராமையால் சேதாரம்' என்று எழுதினார். அடுத்த சனிக்கிழமையும் சேதாரம் இரண்டு.

நம் கணக்கு இனித் தேறாது என்று கைவிட்டுவிட்டார்களா? அந்தம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? அவர் வீடு எங்கே, போன் நம்பர் என்ன, எதுவும் தெரியாது. இத்தனை நாளில் சாவிக்காரரைக்கூட வருகைப் பதிவேட்டில் எழுத வைத்தவர், கணக்கம்மாவிடம் ஒரு முகவரி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆபீஸில் கேட்கலாம். ஆனால் ஆடிட்டர் பொல்லாத கோபக்காரர். காரணம் இல்லாமல் போய் நின்றால் என்ன சொல்வது? வந்த நோக்கம், சும்மா?

ஒரு காரணம் வேண்டும். ஆபீஸே அலறி அடித்துக்கொண்டு கணக்கம்மாவை அனுப்பும்படியான ஒரு தப்பு வேண்டும்.

முப்பது வருஷம் அரை கிராம் பிசகாத மனிதர், திங்கட்கிழமை காலை கம்பெனி கார்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். டார்ச் லைட்டைப் பார்த்தார். கம்பெனிக்குத் தேவைதான் என்று யாராவது வாதாடிவிடுவார்கள். குடை, அதுவும் அப்படியே. கடைசியில் மெத்தைக் கடை வாசலில் நின்றார். எந்த நியாயத்தில் பார்த்தாலும் எடை மெஷின் கம்பெனிக்கு ஒரு தலையணை தேவைப்படாது. இருப்பதிலேயே பெரியதாக, பூப்போட்ட உறையோடு ஒன்றை எடுத்தார். கார்டை நீட்டினார். பில் யார் பேருக்கு என்று கடைக்காரர் கேட்டார்.

"கம்பெனி பேருக்கு" என்றார் தராசுக்காரர், கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் குரலில்.

பஸ்ஸில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு போனார். பக்கத்து சீட்டுக்காரர் பரிதாபப்பட்டு, ஆஸ்பத்திரிக்கா என்று விசாரித்தார். இல்லை, ஆடிட்டர் ஆபீஸுக்கு என்றார். அதற்கு மேல் அந்த மனிதர் பேச்சுக் கொடுக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் கையெழுத்துப் போட வந்தபோது பார்த்த அதே ஆபீஸ். அன்றைக்கு ஆடிட்டர் வெளியூர் போயிருந்தார், இப்போதுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறார். வாசலருகே போன் எடுக்கும் பெண் உள்ளே போகச் சொன்னாள். உள்ளே, ஒல்லியாக ஒரு மனிதர், மேஜைமேல் ஊர்ந்த ஓர் எறும்பை ஒரு காகிதத்தில் ஏந்தி, காயம் படாமல் ஜன்னலுக்கு வெளியே இறக்கி விட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் ஆடிட்டர்.

தராசுக்காரர் தலையணையை மேஜைமேல் வைத்தார். பில்லை அதன்மேல் வைத்தார்.

"கம்பெனிக் காசுல வாங்கிட்டேன் சார். எனக்காக. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

ஆடிட்டர் தலையணையை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். நல்ல பஞ்சு என்றார். பிறகு, காசைத் திருப்பிக் கம்பெனிக் கணக்கில் போட்டுவிட்டு ஒரு வரி எழுதினால் முடிந்தது, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார்.

"ஒரு வரி போதுமா சார்?"

"போதும். பேங்க் கணக்கு தனித்தனியா வெச்சிருக்கீங்க, சம்பளத்தைச் சம்பளமா எடுக்கறீங்க, பில்லெல்லாம் பத்திரமா இருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?"

தராசுக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. டீத்தூளை, துடைப்பத்தை, தபால்தலையை எல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். மகளோடு பேசிய இருபத்திமூன்று நிமிஷத்தையும் சேர்த்துச் சொன்னார். ஆடிட்டர் கோபப்படவில்லை. கவலையோடு ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு டீ கொடுத்ததற்கெல்லாம் எந்தக் கோர்ட்டும் வீட்டைக் கேட்காது என்றார். பெற்ற மகளோடு எந்த போனில் வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவருடைய கணக்கில் ஒரு தப்புகூட வந்ததில்லை, புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு அவர் கோப்பைத்தான் மாதிரியாக எடுத்துக் காட்டுகிறோம் என்றும் சொன்னார்.

"அப்போ எதுக்கு சார் வாரா வாரம் ஆள் அனுப்பறீங்க?"

"ஆளா? நாங்களா? உங்க மாசக் கணக்கு தபால்லயே சரியா வந்துடுதே."

"கணக்கம்மாவைத்தான் சொல்றேன். பதினாலு மாசமா சனிக்கிழமை தவறாம வந்தாங்க. ரெண்டு வாரமாத்தான் காணோம். தப்பு இருந்தாத்தான் அவங்க வருவாங்கன்னா, இந்தத் தலையணையைத் தப்பாவே வெச்சுக்கோங்க சார். அவங்களை அனுப்புங்க."

சொல்லிவிட்டுத் தலையணையை ஆடிட்டர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். ஆடிட்டர் ஒன்றும் புரியாமல் வாசல் பக்கம் திரும்பி, போன் எடுக்கும் பெண்ணைப் பார்த்தார். அவள் எழுந்து வந்து தலையணையைப் பார்த்தாள், தராசுக்காரரைப் பார்த்தாள்.

"அவங்க ரிட்டையர் ஆகியே பதினாலு மாசம் ஆச்சே சார், நாமதானே பேர் பொறிச்ச தகடு வெச்சு ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்து அனுப்பிவெச்சோம், இப்ப கால் பிசகி வீட்டுல இருக்காங்க, நேத்துகூட போன்ல, 'சொல்லாம ரெண்டு சனிக்கிழமை லீவு போட்டுட்டேன், என் வேலை போயிடுமோ'ன்னு ஒரே அழுகை, எந்த வேலைன்னுதான் எனக்குப் புரியல."